டென்மார்க் பூர்வீகத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணமாகி டென்மார்க் வந்த புதுசுல எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. பொண்ணு ஸ்கூல்ல வம்ச மரம் வரைஞ்சிட்டு வரச் சொன்னாங்க, என் பக்கம் எங்க ஆயா போன்லயே அஞ்சு தலைமுறை சொல்லிட்டாங்க, என் வீட்டுக்காரர் பக்கம் தாத்தாவோட மரம் நின்னுடுச்சு. அன்னைக்கு உக்காந்தது, அப்புறம் எழுந்திரிக்கவே மனசு வரலை, 1700கள் வரைக்கும் போயாச்சு. இப்போ டேனிஷ் குடும்பத்துல வாழ்க்கைப்பட்டவங்க, அமெரிக்கால டேனிஷ் பாட்டி இருக்கிறவங்க, தரங்கம்பாடி பக்கத்துக்காரங்கன்னு நிறைய பேர் ஒரே மாதிரி கேள்வி கேக்குறீங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

பேரு மட்டும்தான் தெரியும். அதை வச்சுத் தேட முடியுமா?

பேரை மட்டும் வச்சுத் தேடாதீங்க, ப்ளீஸ். நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டது இது. நீல்சன், யென்சன், ஹான்சன் இந்த மூணு பேரும் நாடு பூரா நெறஞ்சு கிடக்கு. முதல் பேரும் ஒரு இருபதுக்குள்ளதான் சுத்திச் சுத்தி வரும், யென்ஸ், நீல்ஸ், ஹான்ஸ், பீட்டர், ராஸ்முஸ், லார்ஸ், ஆண்டர்ஸ்ன்னு. ஒரே கிராமத்துல ஒரே வருஷத்துல ரெண்டு யென்ஸ் ஹான்சன் பொறந்திருப்பாங்க, ரெண்டு பேரோட அப்பாவும் ஹான்ஸ்தான். நான் ஆரம்பத்துல வயசும் பேரும் ஒத்து வருதுன்னு ஒருத்தரைப் புடிச்சுக்கிட்டு ஆறு மாசம் அவரோட அப்பா, தாத்தான்னு மேல மேல போய்க்கிட்டே இருந்தேன், கடைசில பார்த்தா அந்தப் புள்ளை ரெண்டு வயசுலயே இறந்து போயிருக்கு, அதே புத்தகத்துல இறந்தவங்க பக்கத்தைப் பார்த்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். அதுலேர்ந்து யாரைக் கண்டுபிடிச்சாலும் முதல்ல அவர் குழந்தையா இருக்கும்போதே இறக்கலைன்னு பார்த்துட்டுதான் அடுத்த அடி.

டேனிஷ் தேடல்ல ஒரு ஆளோட அடையாளம் பேரு இல்லைங்க. பொறந்த தேதியும் பொறந்த ஊரும்தான். அதுவும் ஊர்னா நாம நினைக்கிற ஊர் இல்லை, சோக்ன். எழுத்துல அப்படி, வாயில சொல்லும்போது சௌன் மாதிரி கேக்கும். ஒரு சர்ச்சுக்குக் கட்டுப்பட்ட பகுதி அது. பல சோக்ன் சேர்ந்தா ஒரு ஹெரெட், பல ஹெரெட் சேர்ந்தா ஒரு அம்ட், அதாவது நம்ம ஜில்லா மாதிரி. மூணையும் சேர்த்தே குறிச்சு வைங்க, ஏன்னா ஓர்ஸ்லெவ்ன்னு ஒரே பேர்ல ஷெலாண்ட் தீவுலயும் சோக்ன் உண்டு, ஃபூன் தீவுலயும் உண்டு.

அந்த சோக்ன் பேரை எங்கேர்ந்து புடிக்கிறது?

வீட்டுலேர்ந்துதான். டென்மார்க் ஆவணத்தைத் திறக்குறதுக்கு முன்னாடி உயிரோட இருக்கிற பெரியவங்க கிட்ட உக்காந்து பேசுங்க, பழைய பைபிளோட முதல் பக்கம் பாருங்க, போட்டோவைத் திருப்பிப் பாருங்க, அந்தக் கால ஸ்டூடியோக்காரங்க பின்னாடி தங்களோட ஊர்ப் பேரை அச்சடிச்சு வச்சிருப்பாங்க, அது பெரும்பாலும் அந்தக் குடும்பம் இருந்த கிராமத்துக்குப் பக்கத்து டவுனாதான் இருக்கும். வெளிநாடு போனவர்னா போன நாட்டுல குடியுரிமை வாங்கின காகிதம், அங்க இருந்த டேனிஷ் லுத்தரன் சபையோட பதிவு, இறந்தப்போ பத்திரிகையில வந்த செய்தி, கல்லறைக் கல்லு, இதுல எதுலயாவது ஊர்ப் பேர் ஒளிஞ்சிருக்கும். ஸ்பெல்லிங் கோணலா இருந்தா பயப்படாதீங்க. டேனிஷ்ல கடைசி மூணு எழுத்து மத்த பாஷைக்காரங்களுக்கு வராது, அதனால காதுல கேட்டபடி எழுதியிருப்பாங்க, அதோட இப்போ மேல ஒரு வட்டம் போட்டு எழுதுற எழுத்தை 1948க்கு முன்னாடி ரெண்டு ஏ போட்டுத்தான் எழுதினாங்க. அகராதி வரிசையில அந்த மூணு எழுத்தும் இஸட்டுக்கு அப்புறம்தான் வரும், பட்டியல்ல பேர் இல்லைன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி கடைசிப் பக்கம் போய்ப் பாருங்க.

அப்பா பேரு ஹான்ஸ் நீல்சன், மகன் பேரு யென்ஸ் ஹான்சன், மகள் பேரு மாரன் ஹான்ஸ்டாட்டர். இவங்க ஒரே குடும்பமா?

ஒரே குடும்பம்தான். நமக்கு இது புரியறதுல கஷ்டமே இருக்கக் கூடாது, நம்ம இனிஷியல் கணக்குதானே. அப்பா ஹான்ஸ்னா மகன் ஹான்சன், மகள் ஹான்ஸ்டாட்டர். தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கிட்டே போகும். கல்யாணம் ஆனாலும் பொண்ணு அப்பா பேரைத்தான் வச்சிருப்பா, சாகுற வரைக்கும் புத்தகத்துல அதே பேர்ல வருவா, பொம்பளைங்களைத் தேடுறவங்களுக்கு இது பெரிய வரம்.

குழப்பம் ஆரம்பிக்கிறது 1828ல. அந்த வருஷம் ஒரு ஆணை வந்துச்சு, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போதே குடும்பப் பேரும் சேர்த்து வைக்கணும்னு. சில பாஸ்டர் கேட்டாங்க, பல பேர் பழைய வழக்கத்துலயே போனாங்க, அதனால ஒரே வீட்ல மூத்தவன் ஒரு கடைசிப் பேர்லயும் இளையவன் வேற கடைசிப் பேர்லயும் இருக்கிறது சகஜம். 1856ல மறுபடி ஒரு சட்டம் வந்து மெல்ல மெல்ல டாட்டர்ங்கிற முடிவே காணாமப் போச்சு, பொண்ணும் ஹான்சன் ஆயிட்டா. அப்புறம் 1904ல பேர் மாத்திக்கிறதைச் சுலபமாக்கி ஒரு சட்டம் வந்ததும், எல்லாரும் யென்சனா இருக்காங்களேன்னு நிறைய குடும்பங்க தங்களோட பண்ணை, கிராமம் பேரையே குடும்பப் பேரா எடுத்துக்கிட்டாங்க. 1900க்கு அப்புறம் ஒரு அபூர்வமான பேர் கையில கிடைச்சா அது முந்நூறு வருஷப் பேர்னு நம்பிடாதீங்க, அந்தக் குடும்பத்துல அப்பவே முளைச்சதா இருக்கலாம்.

இன்னொண்ணு. முதல் பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு வைக்கிற வழக்கம் அங்கயும் பலமா இருந்துச்சு. நம்மள்ல தாத்தா பேரைச் சுமக்கிறவன்னுதானே பேரன்னே சொல்றோம். அதனால மூத்த பையன் பேரு ராஸ்முஸ்னா தாத்தா ராஸ்முஸா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, இது துப்பு மட்டும்தான், ஆதாரம் இல்லை. அதைவிட உருக்கமான ஒரு வழக்கம் இருக்கு. மனைவி இறந்து மறு கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க, ரெண்டாவது மனைவிக்குப் பொறக்கிற முதல் பொண்ணுக்கு இறந்த முதல் மனைவியோட பேரை வைப்பாங்க. என் வீட்டுக்காரர் வழியில ஒரு குடும்பத்துல இதைப் பார்த்தப்போ கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தை மூடவே முடியலை எனக்கு.

சர்ச் புத்தகம்ங்கிறாங்களே, அதுல என்னதான் இருக்கு?

எல்லாமே அதுலதான் இருக்கு. டேனிஷ்ல கிர்கெபோ. 1645லயும் 1646லயும் அரசர் நாலாம் கிறிஸ்டியன் காலத்துல எல்லா பாஸ்டரும் புத்தகம் வைக்கணும்னு உத்தரவு ஆச்சு. அதுக்கு முன்னாடியே வச்ச ஊரும் உண்டு, இன்னைக்கு மிஞ்சியிருக்கிறதுலயே பழசு ஜெர்மன் எல்லையை ஒட்டின தெற்கு ஜட்லாண்ட்ல ஹியோர்ட்கேர்ங்கிற சோக்னோடது, 1573ல ஆரம்பிக்குது. ஆனா பாஸ்டர் வீடு தீப்பிடிச்சு புத்தகம் போன இடங்கள் நிறைய, அதனால உங்க சோக்ன்ல 1700க்கு அப்புறம்தான் கிடைக்குதுன்னா அது சாதாரணம்.

1814 வாக்குல பெரிய மாற்றம். அச்சடிச்ச கட்டம் வந்துச்சு, ஒரே பதிவை ரெண்டு புத்தகத்துல எழுதணும், ஒண்ணு பாஸ்டர் கிட்ட, ஒண்ணு சர்ச் உதவியாளர் கிட்ட, ரெண்டும் ஒரு ராத்திரி கூட ஒரே கூரைக்கு அடியில இருக்கக் கூடாதுன்னு விதி. அந்த விதி போட்ட புண்ணியவான் நல்லா இருக்கணும். ஒரு புத்தகத்துல எழுத்து புரியலைன்னா இன்னொண்ணைத் திறந்து பாருங்க, அங்க கையெழுத்து வேறயா இருக்கும்.

பிறந்தவங்க பக்கத்துல ஆண் தனி, பெண் தனி. தேதி, ஞானஸ்நானத் தேதி, அப்பா அம்மா பேரு, தொழில், ஊரு, அப்புறம் ஞானப் பெற்றோர் பட்டியல். பல பேர் இந்தப் பட்டியலைப் படிக்காமத் தாண்டிடுறாங்க, தயவுசெஞ்சு தாண்டாதீங்க. குழந்தையைக் கையில ஏந்தி நின்னது பெரும்பாலும் அத்தையோ சித்தியோதான், பக்கத்துல நின்னவங்க மாமா, சித்தப்பா, பக்கத்துப் பண்ணைக்காரர். பக்கத்து சோக்ன்லேர்ந்து ஒருத்தர் வந்து நின்னிருந்தா அங்கதான் அம்மாவோட பொறந்த வீடு இருக்கும்னு நான் முதல்ல போய்ப் பார்ப்பேன், பல தடவை சரியா வந்திருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது திடப்படுத்தல் பக்கம், அதாவது வளர்ந்த புள்ளைங்க தங்களோட விசுவாசத்தைச் சபை முன்னாடி உறுதிப்படுத்துற சடங்கு. 1736லேர்ந்து இது கட்டாயம். பதினாலு பதினஞ்சு வயசுப் புள்ளைங்க பேரு, பொறந்த தேதி, பொறந்த ஊரு, அப்பா அம்மா, அதுக்கு மேல படிப்பு எப்படி, நடத்தை எப்படின்னு பாஸ்டர் போட்ட மார்க்கு. கூடவே பெரியம்மை ஊசி என்னைக்குப் போட்டாங்க, யாரு போட்டாங்கன்னும் இருக்கும், 1810லேர்ந்து ஊசி போடாம திடப்படுத்தவும் மாட்டாங்க, கல்யாணமும் பண்ணி வைக்க மாட்டாங்க. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு விவசாயக் கூலி வீட்டுப் புள்ளைக்கு எந்த நாள் ஊசி போட்டாங்கன்னு வீட்ல உக்காந்து படிக்க முடியுது பாருங்க.

அதே புத்தகத்துல 1875 வாக்கு வரைக்கும் ஊருக்கு வந்தவங்க, ஊரை விட்டுப் போனவங்க பட்டியலும் உண்டு. பண்ணை வேலைக்கு வருஷா வருஷம் ஊர் மாறின பசங்களைத் துரத்திப் புடிக்க இதை விட்டா வழி இல்லை.

இதுக்கெல்லாம் காசு கட்டணுமா? டென்மார்க் போகணுமா?

ரெண்டும் வேண்டாம். தேசிய ஆவணக் காப்பகம், ரீக்ஸ்ஆர்கீவ், தன்னோட ஆர்கிவாலியர்ஆன்லைன் தளத்துல சர்ச் புத்தகமும் மக்கள் கணக்கெடுப்பும் ஸ்கேன் பண்ணி இலவசமாவே வச்சிருக்கு. டேனிஷ் ஃபேமிலி சர்ச்ன்னு ஒரு தளம், அதுல தன்னார்வலர்கள் டைப் பண்ணின அட்டவணை இருக்கு, அதுவும் இலவசம். காசு கட்டுற தளங்கள்லயும் டேனிஷ் பதிவு நிறைய சேர்ந்திருக்கு, அதுல பேர் போட்டு சட்டுனு தேடலாம், ஆனா அட்டவணையில பார்த்ததோட நிக்காம ஒரிஜினல் பக்கத்தைத் திறந்து கண்ணால படிங்க. ரொம்பச் சமீபத்துப் பதிவு கிடைக்காது, பிறப்புப் பதிவுக்கு 50 வருஷம், கணக்கெடுப்புக்கு 75 வருஷம் பூட்டு.

மக்கள் கணக்கெடுப்பு எந்தெந்த வருஷம்?

முழுசா உபயோகப்படுறது 1787, 1801, 1834, 1840, 1845, 1850, 1855, 1860, 1870, 1880, 1890, 1901, 1906, 1911 இப்படிப் போகும். இதுல 1845ஐ மறக்காதீங்க, அதுலேர்ந்துதான் ஒவ்வொருத்தரும் எந்த சோக்ன்ல பொறந்தாங்கன்னு எழுதினாங்க. உங்காளு 1845ல உயிரோட இருந்து, எந்த ஊர்ல இருந்தார்னு மட்டும் தெரிஞ்சாப் போதும், பொறந்த ஊர் கையில வந்துடும். 1901லேர்ந்து பொறந்த தேதியே இருக்கு.

1787லயும் 1801லயும் போட்ட வயசு நடப்பு வயசு, ஒண்ணைக் கழிச்சுக்கோங்க. ஆனா இது எத்தனையாவது கல்யாணம்னு அதுல எழுதியிருப்பாங்க, அது பெரிய உதவி. குடும்பத்தோட கடைசியில தாத்தா பாட்டி பேருக்குப் பக்கத்துல ஆஃப்டெக்ட்ன்னு இருந்தா, நிலத்தைப் புள்ளைக்கு எழுதிக் கொடுத்துட்டு அதுக்குப் பதிலா சாப்பாடு, தங்க இடம், விறகுன்னு ஒப்பந்தம் போட்டுக்கிட்டு அங்கயே இருக்கிற பெரியவங்கன்னு அர்த்தம்.

அந்தக் கையெழுத்தைப் படிக்கவே முடியலையே?

முதல் வாரம் எல்லாருக்கும் அழுகைதான் வரும். 1875 வரைக்கும் பள்ளிக்கூடத்துல கோதிக் எழுத்துதான் சொல்லிக் கொடுத்தாங்க. அதுல e பார்க்க n மாதிரி இருக்கும், s பார்க்க f மாதிரி இருக்கும். uவுக்கு மேல ஒரு சின்ன வளைவு போடுவாங்க, m, n எழுத்தோட தலைமேல ஒரு கோடு இருந்தா அந்த எழுத்து ரெண்டு தடவைன்னு அர்த்தம்.

நான் கத்துக்கிட்ட வழி இதுதான்: பின்னாலேர்ந்து முன்னால வாங்க. 1890ல நல்லா படிக்கிற மாதிரி இருக்கும், அதுல அந்த ஊர்ப் பண்ணைப் பேரு, குடும்பப் பேரு, தொழில் எல்லாம் மனப்பாடம் ஆயிடும், அப்புறம் பத்துப் பத்து வருஷமாப் பின்னாடி போனா கண்ணு தானாப் பழகிடும். புதுசா ஒரு பாஸ்டர் கையெழுத்து வந்தா அவர் எழுதின மாசப் பேரையும் தெரிஞ்ச ஊர்ப் பேரையும் தனியா எடுத்து எழுதி வச்சுக்கோங்க, அதுவே அவரோட அரிச்சுவடி. டேனிஷ் முழுசாத் தெரியணும்னு இல்லைங்க, ஒரு நாற்பது வார்த்தை போதும். ஃபோட்ன்னா பொறந்த, டோட்ன்னா இறந்த, என்கென்னா விதவை, கோர்மான்ட்ன்னா பண்ணைக்காரர், ஹூஸ்மான்ட்ன்னா துண்டு நிலம் வச்சிருக்கிற ஏழை விவசாயி, இந்த மாதிரி.

தேதிக்குப் பதிலா லத்தீன்ல என்னமோ எழுதியிருக்கே?

அது திருநாள் கணக்கு. 1814க்கு முன்னாடி நிறைய பாஸ்டர் தேதி போட மாட்டாங்க, திரித்துவத்துக்கு அப்புறம் மூணாம் ஞாயிறுன்னு போடுவாங்க. நம்ம ஊர் லுத்தரன் சபைக்காரங்களுக்கு இது இன்னைக்கும் பழக்கம்தான். ஈஸ்டர்லேர்ந்து 56 நாள் கழிச்சு திரித்துவ ஞாயிறு. 1800ல ஈஸ்டர் ஏப்ரல் 13, திரித்துவ ஞாயிறு ஜூன் 8, மூணாம் ஞாயிறு ஜூன் 29, அவ்வளவுதான் கணக்கு. பெரும்பாலும் அது ஞானஸ்நானத் தேதியாத்தான் இருக்கும், பொறந்த தேதின்னு எழுதிடாதீங்க. 1700ல பிப்ரவரி 18க்கு அடுத்த நாளே மார்ச் 1ன்னு காலண்டரை மாத்தினாங்க, அதையும் ஞாபகம் வைங்க.

பையன் புத்தகத்துலேர்ந்து திடீர்னு காணாமப் போயிட்டான், எங்க தேடுறது?

ராணுவப் பட்டியல்ல. 1788ல ஸ்டாவ்ன்ஸ்போன்ட், அதாவது விவசாயி வீட்டு ஆம்பளைங்க பொறந்த எஸ்டேட்டை விட்டு நகரக் கூடாதுங்கிற கட்டு, அதை எடுத்தாங்க. எடுத்ததும் யாரு எங்க இருக்கான்னு அரசாங்கத்துக்குத் தெரியணுமே, அதுக்காக கிராமத்து ஆண் குழந்தை ஒவ்வொண்ணுக்கும் பொறந்த உடனே நம்பர் போட்டு எழுத ஆரம்பிச்சாங்க. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப் பட்டியல், புது நம்பர், பழைய நம்பரும் பக்கத்துலயே இருக்கும், ஒண்ணைப் புடிச்சா சங்கிலி மாதிரி இழுத்துக்கிட்டுப் போகலாம், அப்பா பேரு, உயரம், இப்போ இருக்கிற ஊரு எல்லாம் வரும். பொண்ணுங்களுக்கு இது கிடையாதுங்கிறது எனக்கு எப்பவும் வருத்தம்.

அம்மாவுக்குக் கல்யாணம் ஆகலைன்னு எழுதியிருக்கு. அப்பாவைக் கண்டுபிடிக்க முடியுமா?

பல தடவை முடியும். அம்மா யாரைச் சொன்னாளோ அவர் பேரை பாஸ்டர் அதே வரியில எழுதியிருப்பார். கஷ்டம் எங்கன்னா கோபன்ஹேகன் அரசு பிரசவ ஆஸ்பத்திரியில பொறந்த குழந்தைங்க. அங்க கல்யாணமாகாத பொண்ணுங்க பேரே சொல்லாம பெத்துக்கலாம், குழந்தையை அங்கயே விட்டுட்டும் போகலாம், அதை கிராமத்துல ஒரு குடும்பத்துக்கு வளர்க்கக் கொடுப்பாங்க. கணக்கெடுப்புல பிளையபான்ன்னு, அதாவது வளர்ப்புப் புள்ளைன்னு இருந்து, பொறந்த இடம் கோபன்ஹேகன்னு இருந்தா அங்கதான் போய்ப் பாக்கணும். சில கோடு அங்கயே நின்னுடும். அந்தப் பொண்ணுங்க எந்த நிலைமையில அந்தக் கதவுக்குள்ள போயிருப்பாங்கன்னு நினைச்சா, நின்னுட்டுப் போகட்டும்னு தோணும்.

எங்க தாத்தா அமெரிக்கா போனவர். அது எங்க பதிவு ஆகியிருக்கும்?

கோபன்ஹேகன் போலீஸ் வச்ச குடிபெயர்ந்தோர் புத்தகம் 1869லேர்ந்து 1940 வரைக்கும் இருக்கு. முதல் உலகப் போருக்கு முந்தின நாற்பது அம்பது வருஷத்துல சுமார் 3 லட்சம் பேர் டென்மார்க்கை விட்டுப் போனாங்க. பேரு, வயசு, கடைசியா இருந்த இடம், போற இடம் அதுல கிடைக்கும். கடைசியா இருந்த இடம்னா பொறந்த ஊர் இல்லை, வேலை பார்த்த ஊராவும் இருக்கலாம். இதுல இல்லைன்னா ஹாம்பர்க் வழியாப் போயிருப்பார், அந்தத் துறைமுகத்தோட பயணிகள் பட்டியல் 1850லேர்ந்து 1934 வரைக்கும் இருக்கு. ஆல்போர்க்ல குடிபெயர்ந்தோருக்காகவே ஒரு ஆவணக் காப்பகம் இருக்கு, அங்க கடிதங்களும் சேர்த்து வச்சிருக்காங்க.

டென்மார்க்காரர்ங்கிறாங்க, ஆனா காகிதத்துல பிரஷ்யான்னு இருக்கே?

அப்போ தெற்கு ஜட்லாண்ட் ஆளு. 1864 போர்ல டென்மார்க் தோத்து அந்தப் பகுதி ஜெர்மன்காரங்க கைக்குப் போச்சு, 1920ல வாக்கெடுப்பு நடத்தி வடபாதி திரும்ப வந்துச்சு. நடுவுல பொறந்தவங்க மனசால டேனிஷ், காகிதத்துல ஜெர்மன். 1874லேர்ந்து அங்க அரசாங்கப் பதிவேடும் தனியா உண்டு, ஜெர்மன்ல. ஊர்ப் பேரும் மாறும், ஹாடர்ஸ்லெவ் ஹாடர்ஸ்லேபன் ஆகும், ஓபென்ரா ஆபென்ராடே ஆகும். முதல் உலகப் போர்ல இந்தப் பகுதிப் பசங்க சுமார் 30,000 பேர் ஜெர்மன் படையில போய் நிக்க வேண்டியதாச்சு.

கோபன்ஹேகன் நகரத்துக்குள்ளயே இருந்தவங்கன்னா?

போலீஸ் வச்ச குடியிருப்பு அட்டைகளைப் பாருங்க, 1890லேர்ந்து 1923 வரைக்கும், வீடு மாறின ஒவ்வொரு தடவையும் முகவரி இருக்கும், நகர ஆவணக் காப்பகம் ஆன்லைன்ல இலவசமாப் போட்டிருக்கு.

நாங்க தரங்கம்பாடி பக்கம். எங்க முன்னோர்ல ஒரு டேனிஷ்காரர் இருந்ததாச் சொல்றாங்க, உண்மையா?

இருக்கலாம், ஆனா நிதானமாப் பாருங்க. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் கிட்ட ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரங்க வந்தாங்க, 1845ல வங்காளத்துப் பக்கம் இருந்த டேனிஷ் இடங்களோட சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு வித்துட்டுப் போனாங்க. இந்த 225 வருஷத்துல அங்க இருந்த வெள்ளைக்காரர் எல்லாம் டேனிஷ் இல்லை. தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு ஜெர்மன்காரர். கவர்னரா இருந்த பீட்டர் ஆங்கர் நார்வேக்காரர், 1814 வரைக்கும் நார்வேயும் டேனிஷ் அரசர் கீழதான் இருந்துச்சு. அதனால தேடுற சர்ச் புத்தகம் டென்மார்க்ல இல்லாம நார்வேலயோ ஜெர்மனிலயோ இருக்கலாம்.

பேரை வச்சும் முடிவு பண்ணாதீங்க. ஞானஸ்நானம் வாங்கின தமிழ்க் குடும்பங்களும் ஐரோப்பியப் பேர் வச்சுக்கிட்டாங்க. டேனிஷ் வர்த்தகக் கம்பெனிகளோட ஆவணங்கள் ரீக்ஸ்ஆர்கீவ்ல பத்திரமா இருக்கு, 1997ல யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்லயும் சேர்த்தாங்க. சென்னையில தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துலயும் டேனிஷ் ஆவணங்கள் இருக்கு. ஆனா அந்த ஆளோட தமிழ் மனைவியோட பேரு இந்தப் புத்தகங்கள்ல ஒழுங்கா இருக்கும்னு நம்பாதீங்க, அதுக்கு உங்க ஊர்ப் பெரியவங்களும் சபைப் பதிவும்தான். அவங்களை இப்பவே கேளுங்க, தள்ளிப் போடாதீங்க.

அடுத்தவங்க போட்ட மரத்தை அப்படியே எடுத்துக்கலாமா? டிஎன்ஏ டெஸ்ட்?

மரத்தைத் துப்பா மட்டும் வைங்க. ஒருத்தர் பண்ணின தப்பை நாப்பது பேர் காப்பி பண்ணியிருப்பாங்க, நாப்பது பேர் சொல்றதால அது உண்மை ஆகாது. டிஎன்ஏ டெஸ்ட் இப்போ உயிரோட இருக்கிற சொந்தக்காரங்களைக் காட்டும், 1750ல யாரு அப்பான்னு சொல்லாது. அதுக்கு முன்னாடி போக இறந்தவங்க சொத்துப் பிரிச்ச பதிவு, ஸ்கிஃப்டெ, அதைத் தேடுங்க. எல்லாப் புள்ளைங்க பேரு, வயசு, இருக்கிற ஊரு, பொண்ணுங்களோட வீட்டுக்காரர் பேரு, வீட்ல இருந்த செம்புப் பானை வரைக்கும் எழுதியிருப்பாங்க.

அவங்க கல்லறையைப் போய்ப் பாக்கணும்னு ஆசை. இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது, முன்கூட்டியே சொல்லிடுறேன். டென்மார்க்ல கல்லறை இடம் குத்தகைதான், பெட்டியில புதைச்சா வழக்கமா 20 வருஷம் போல, குடும்பம் புதுப்பிக்கலைன்னா கல்லை எடுத்துடுவாங்க, அந்த இடம் வேற ஒருத்தருக்குப் போயிடும். எங்களுக்கும் அப்படித்தான், ஜட்லாண்ட்ல ஒரு கிராமத்துக்கு ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய் ஒரு கல்லு கூடக் கிடைக்கலை. ஆனா சர்ச்சுக்குள்ள போங்க. கிராமத்துச் சர்ச்சு பல 1100கள், 1200கள்ல கட்டினது, ஞானஸ்நானத் தொட்டியும் அந்தக் காலத்துக் கருங்கல்லே இருக்கும். நாங்க போனப்போ மாமனார் தன்னோட தாத்தாவோட தாத்தா பேரை நான் எழுதிக் கொண்டு போன காகிதத்துலேர்ந்து சத்தமா வாசிச்சார், என் பொண்ணு எட்டிப் பார்த்து தொட்டிக்குள்ள கையை வச்சுட்டு ரொம்ப ஜில்லுன்னு இருக்குன்னா.